கரி பஸ்களும் எங்கள் பட்டறைச் சங்கமும்

தர்மபுரியில் புதிதாகச் சங்கம் தொடங்கியிருக்கும் பட்டறைக்காரர்கள் நாலைந்து பேர் போன மாதம் என்னைத் தேடி வந்தார்கள். கம்ப்யூட்டர் வைத்த கடைசல் இயந்திரம், அதற்கு மானியம் என்று என்னென்னவோ பேசினார்கள். அவர்களில் கொஞ்சம் துடுக்கான ஒருவர் நேராகவே கேட்டுவிட்டார்.

"ஐயா, சங்கம்னு ஒண்ணு இருந்தா எங்களுக்கு என்னாங்க லாபம்? மீட்டிங்குக்கு வர்ற நேரத்துல ரெண்டு வேலைய முடிச்சிரலாமே."

"காபி ஆறுது, குடிங்க" என்று சொல்லிச் சமாளித்தேன். அவர்கள் போன பிறகு யோசித்துப் பார்த்தேன். இரண்டாம் உலக யுத்த காலத்தில் இதே ஊரில் நான் சங்கத்துக்கு வேலை பார்த்தவன். அதே கேள்வியை அப்போதும் கேட்டார்கள். அப்போது நடந்ததைச் சொன்னால் அதுவே பதிலாக இருக்கும் என்று தோன்றியது.

என் சொந்த ஊர் நல்லம்பள்ளிக்குப் பக்கம். மானாவாரி நிலத்தை நம்பிப் பிழைத்த குடும்பம். மேட்டூரில் அணை கட்டியபோது கூலிக்குப் போனவன், மண் சுமப்பதை விட்டு இயந்திரம் பழுது பார்க்கிறவர்களிடம் ஒட்டிக்கொண்டேன். அணை முடிந்ததும் சேலத்தில் ஒரு மோட்டார் பட்டறை, பிறகு தர்மபுரி பஸ்ஸில் மெக்கானிக். டிரைவர் லைசென்ஸும் எடுத்தேன். என் படிப்பெல்லாம் அவ்வளவுதான்.

அப்போது தர்மபுரி தனி ஜில்லா இல்லை. சேலம் ஜில்லாவில் ஒரு தாலுக்கா. யுத்தம் வந்ததும் பெட்ரோலுக்கு ரேஷன் வந்தது. ஓடிக்கொண்டிருந்த பஸ்களில் பாதி சக்கரத்துக்குக் கல் வைத்து நின்றன. பெட்ரோல் இல்லாமல் மரக்கரியை எரித்து, அதில் வரும் வாயுவில் பஸ் ஓட்டலாம் என்று பட்டணத்துக் கம்பெனிகள் 'கேஸ் பிளாண்ட்' செய்து விற்றன. பணம் கட்டிவிட்டு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். எங்கள் பக்கத்துப் பட்டறைக்காரர்கள் அதை ஒருமுறை சுற்றிவந்து பார்த்தார்கள். தார் டிரம், பழைய பாய்லர் தகடு, கிடைத்த குழாய் எல்லாவற்றையும் வைத்துத் தாங்களே செய்ய ஆரம்பித்தார்கள். அதுவரை மாட்டுவண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டாவும் கரும்பு பிழியும் ஆலையும் செய்துகொண்டிருந்தவர்கள் அவர்கள்.

பஸ் ஓடியது. ஆனால் ஆளுக்கொரு அளவு. ஒருநாள் தொப்பூர் கணவாயில் பாப்பாரப்பட்டி பஸ் ஒன்று கேஸ் பிளாண்டின் மூடி உடைந்து நின்றுவிட்டது. பின்னால் வந்த கிருஷ்ணகிரி பஸ்ஸில் உபரி மூடி இருந்தது. வைத்துப் பார்த்தால் பொருந்தவில்லை. இரண்டு பஸ் ஜனங்களும் வெயிலில் நின்றுகொண்டு, "ரெண்டும் ஒரே ஊருப் பக்கத்துல செஞ்சதுதானே, ஒரு மூடி சேராதா?" என்று சிரித்தார்கள். அந்தச் சிரிப்புதான் சங்கத்தை உண்டாக்கியது என்று சொல்ல வேண்டும். பஸ் முதலாளிகளும் பட்டறைக்காரர்களும் சேர்ந்து உட்கார்ந்தார்கள். மூடியும் குழாய் வாயும் எல்லாருக்கும் ஒரே அளவு. செய்த பிளாண்டைச் சங்கம் சோதித்து முத்திரை குத்திய பிறகுதான் பஸ்ஸில் மாட்டுவது. சோதிக்கிற வேலைக்கு என்னை எடுத்தார்கள்.

சங்கத்தின் காரியதரிசி நஞ்சப்பா சார். தேன்கனிக்கோட்டைப் பக்கம் கன்னடம் பேசும் குடும்பம். தங்கச் சுரங்கத்தில் எஞ்சின் ஃபோர்மனாக இருந்து ஓய்வு பெற்றவர். ஒல்லியான ஆள், கழுத்து வரை பித்தான் போட்ட காக்கிக் கோட்டு. எந்தப் பட்டறைக்குப் போனாலும் முதலில் தண்ணீர் கேட்டுக் கையைக் கழுவிக்கொள்வார். எல்லாரும் வேலை முடிந்துதான் கை கழுவுவோம். "நீங்க ஏன் சார் முன்னாடியே கழுவுறீங்க?" என்று கேட்டேன். "இன்னொருத்தர் செஞ்ச பொருளைத் தொடறோம் அல்லவா?" என்றார். அவரிடம் "பிளாண்ட் நல்லா இருக்குதுங்க சார்" என்று சொல்லிவிட முடியாது. "நல்லான்னா என்ன? கண்ணுல பாத்தது சொல்லு, காதுல கேட்டது சொல்லு" என்பார். நான் சொல்லச் சொல்லக் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். முடித்தால் "அப்புறம்?" என்பார். அதற்கு மேல் ஒன்றுமில்லை என்று நாமே சொல்கிறவரை அந்த "அப்புறம்" விடாது. எல்லாம் திருப்தி என்றால், முடிந்தது என்பதைக் கன்னடத்தில் "ஆய்த்து" என்று சொல்லி எழுந்துகொள்வார்.

சோதனை இப்படி நடக்கும். சித்தேரி மலையிலிருந்து வரும் கரியை எலுமிச்சங்காய் அளவுக்கு உடைத்துச் சலிக்க வேண்டும். தூள் போனால் குழாய் அடைத்துக்கொள்ளும். ஈரக் கரி கூடவே கூடாது. பஸ்ஸின் பின்பக்கம் பீப்பாய் மாதிரி நிற்கும் உலையில் மேலே மூடியைத் திறந்து கரியைக் கொட்டி, மூடி இறுக்குவோம். கீழே காற்று போகும் ஓட்டையில் மண்ணெண்ணெய் நனைத்த துணியைக் காட்டி, கைப்பிடி வைத்த விசிறியைச் சுற்றினால் நெருப்புப் பிடிக்கும். முதலில் வெள்ளையாகப் புகை வரும். சுற்றிக்கொண்டே இருந்தால் புகை மெலிந்து, கண்ணுக்கே தெரியாமல் போகும். அப்போது வெளிக்குழாயில் தீக்குச்சி காட்டுவேன். முதல் குச்சி 'பப்' என்று அணையும். இன்னும் சுற்றச் சொல்வேன். பிறகு பிடித்துக்கொண்டு, மஞ்சளாக ஆடி, மெல்ல மெல்ல நீலமாக நின்று எரியும். அந்த நீலம் நிலைத்தால் வாயு நல்ல வாயு. வாயு உலையிலிருந்து தேங்காய் நார் அடைத்த ஃபில்டர் வழியாகச் சுத்தமாகி எஞ்சினுக்குப் போகும். சொட்டுப் பெட்ரோலில் எஞ்சினைக் கிளப்பி, வாயுவுக்கு மாற்றி, மணல் மூட்டை ஏற்றி அதியமான்கோட்டை வரை ஓட்டிக்கொண்டு போய்த் திரும்புவேன். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே இறங்கி, ஒவ்வொரு குழாய் மூட்டிலும் கை வைத்து, காது வைத்துப் பார்ப்பேன். எல்லாம் சரியென்றால் நஞ்சப்பா சாருக்குச் சொல்லிவிட்டு முத்திரை.

சங்கத்தில் இருந்தவர்களில் கெட்டிக்கார வேலைக்காரர் பாப்பாரப்பட்டி அர்த்தனாரி. ஐம்பது வயதுக்காரர், சிவந்த கண், யாருக்கும் தலை வணங்காத சுபாவம். மூடி எல்லாருக்கும் ஒரே அளவு என்று முடிவானபோது, "நான் செய்யுற மூடிய ஏன் நான் மாத்தணும்? அவங்க மாத்திக்கட்டும்" என்று கடைசி வரை முரண்டு பிடித்தவர். ஒத்துக்கொண்ட பிறகு எல்லாரையும்விட நன்றாகச் செய்தவரும் அவரே.

அவர் செய்த பிளாண்டில்தான் அது நடந்தது.

ஐப்பசி மழை. மத்தியானம் பாப்பாரப்பட்டிக்கு வந்த பஸ்ஸை டிரைவர் ஷெட்டில் விட்டு எஞ்சினை நிறுத்தினார். சாரல் உள்ளே அடிக்கிறதென்று ஷெட்டுக் கதவை இழுத்துச் சாத்திவிட்டு எதிரே டீ குடிக்கப் போனார். கண்டக்டர் மாரிமுத்து பஸ்ஸில் பின்சீட்டில் சாய்ந்து கண்ணயர்ந்தார். டிரைவர் திரும்பி வந்து எழுப்பினால் ஆள் எழுந்திருக்கவில்லை. முகம் ஜுரக்காரன் முகம் மாதிரி சிவந்திருந்தது. தூக்கிக்கொண்டு வந்து மழையில் போட்டார்கள். நினைவு வர வெகுநேரம் ஆனது. உயிர் தப்பினார். எழுந்து நின்றால் தள்ளாடினார்.

கரி வாயுவுக்கு வாசனை கிடையாது. நிறைய மூச்சில் போனால் ஆள் தூங்கினபடியே போய்விடுவார். அது எங்களுக்குத் தெரிந்த விஷயம்தான். ஆனால் கசிவு எங்கே என்பது தெரியவில்லை. அந்த பிளாண்டை நான் எல்லா மூட்டிலும் பார்த்து, நஞ்சப்பா சாரும் கேட்டுத் திருப்தியான பிறகுதான் முத்திரை விழுந்தது.

சங்கத்துக்கு அது மிக மோசமான சமயம். எங்கள் பட்டறை பிளாண்டுகளுக்குச் சர்க்கார் அங்கீகாரம் கொடுப்பதற்காக ஒரு இஞ்சினியர் சேலத்திலிருந்து வருவதாக இருந்தது. அங்கீகாரம் இல்லாவிட்டால் பட்டணத்துக் கம்பெனி பிளாண்டை மட்டும்தான் மாட்டலாம். அத்தனை பட்டறையும் பழையபடி வண்டிப் பட்டாவுக்குப் போக வேண்டியதுதான்.

அவசரமாகக் கூட்டம் போட்டார்கள். சங்கத் தலைவர் தர்மபுரியில் பஸ் வைத்திருந்தவர். அவர் சுற்றி வளைக்காமல் சொன்னார்: "அர்த்தனாரி பட்டறைய லிஸ்ட்ல இருந்து எடுத்துருவோம். இஞ்சினியர் வந்தா, அந்தப் பட்டறை நம்மளுது இல்லன்னு சொல்லிருவோம். மத்தவங்க பொழைக்கணும் இல்லீங்களா?"

அர்த்தனாரி எழுந்தார். "எடுத்துக்கோங்க. நீங்க சேக்குறதுக்கு முன்னாடியும் நான் பட்டறைதான் வெச்சிருந்தேன்." துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வாசலுக்குப் போனவர் அங்கேயே நின்றுவிட்டார். வாசலில் ஒரு பெண் வந்து நின்றிருந்தாள். மாரிமுத்துவின் சம்சாரம் கோவிந்தம்மாள்.

உள்ளே வரச் சொன்னோம். நிலைப்படியைத் தாண்டி நின்றாள். அழவில்லை.

"நான் சண்டைக்கு வரலீங்க. எங்க வூட்டுக்காரரு நேரா நிக்க ஆரம்பிச்சதும் அதே பஸ்ஸுக்குத்தான் போவாரு. எங்களுக்கு வேற வேல இல்லீங்க. இனிமே அப்பிடி ஆவாதுன்னு உங்கள்ல யாராச்சும் ஒருத்தர் சொல்லுங்க. அதக் கேட்டுட்டுப் போயிரலாம்னு வந்தேன்."

தலைவர் தரையைப் பார்த்தார். நஞ்சப்பா சார் எழுந்து நின்று சொன்னார்: "இன்னைக்கி சொல்ல முடியாதம்மா. எனக்கே தெரியலை. தெரிஞ்சதும் உங்க வூட்டுக்கு வந்து சொல்றேன்."

அவள் தலையை ஆட்டிவிட்டுப் போனாள். அர்த்தனாரி வெளியே போகாமல் திரும்பி வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்துகொண்டார்.

மறுநாள் காலை நஞ்சப்பா சாரும் நானும் மாரிமுத்துவின் வீட்டுக்குப் போனோம். கட்டிலில் படுத்திருந்தவரிடம், "என்ன நடந்தது, முதல்லேர்ந்து சொல்லப்பா" என்றார். மாரிமுத்து சொன்னார். "அப்புறம்?" "தூங்கிட்டேங்க." "தூங்கறதுக்கு முன்னாடி?" மாரிமுத்து யோசித்தார். "மழ சத்தங்க. எஞ்சின் நின்னு கொஞ்ச நேரம் ஆயிருக்கும். பின்னாடி மூடியாண்ட பாம்பு சீறுன மாதிரி, புஸ்ஸுன்னு மெல்லிசா..."

நஞ்சப்பா சார் கண்ணைத் திறந்தார். என்னைப் பார்த்து, "நோடு, பாரு, நின்னதுக்கு அப்புறம்!" என்றார்.

எனக்கு அப்போதுதான் விளங்கியது. எஞ்சின் ஓடும்போது உலையிலிருந்து வாயுவை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். மூடியில் சந்து இருந்தாலும் வெளிக்காற்றுதான் உள்ளே போகும், வாயு வெளியே வராது. நிறுத்திய பிறகு உறிஞ்ச ஆள் இல்லை, உள்ளே கரி கனன்றுகொண்டே இருக்கிறது. வாயு சேர்ந்து சேர்ந்து சந்து வழியாக வெளியே தள்ளும். எங்கள் கசிவுச் சோதனை முழுக்க எஞ்சின் ஓடும்போதுதான். எஞ்சின் நின்ற பிறகு யாரும் சோதிக்கவில்லை. விதியில் அது இல்லவே இல்லை.

உடனே அந்த பஸ்ஸைத் திறந்தவெளியில் நிறுத்தி உலையை மூட்டினோம். சோப்புக்குத் தட்டுப்பாடு. அர்த்தனாரி வீட்டில் பூந்திக்கொட்டை ஊற வைத்து நுரை கலக்கிக் கொடுத்தார்கள். எஞ்சின் ஓடும்போது மூடியைச் சுற்றி நுரையைப் பூசினேன். ஒன்றுமில்லை. நிறுத்தச் சொன்னோம். கொஞ்ச நேரத்தில் ஒரு ஓரத்தில் நுரை உப்பியது. பட்டாணி அளவு, பிறகு நெல்லிக்காய் அளவு. வெடித்தது. மறுபடி உப்பியது. அர்த்தனாரி குனிந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என் வேலதாங்க" என்றார்.

"இருங்க. மத்தவங்க வேலையும் பாக்கலாம்" என்றார் நஞ்சப்பா சார்.

ஞாயிற்றுக்கிழமை எல்லா பஸ்ஸையும் தர்மபுரி மைதானத்துக்கு வரவழைத்தார். உலையை மூட்டி, ஓடவிட்டு, நிறுத்தி, ஒவ்வொன்றாக நுரை பூசிக்கொண்டே போனேன். கிருஷ்ணகிரிப் பட்டறை பிளாண்ட் உப்பியது. பாலக்கோட்டுக்காரருடையது இரண்டு இடத்தில் உப்பியது. தலைவருடைய சொந்த பஸ்ஸில் கொதிக்கிற பால் மாதிரி சுற்றிலும் பொங்கியது. மைதானத்தில் நின்றவர்களில் யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. அர்த்தனாரியும் சிரிக்கவில்லை.

அங்கேயே, பஸ்களுக்கு நடுவில், கூட்டம் நடந்தது. நஞ்சப்பா சார் சொன்னார்: "எல்லாத்தையும் நிறுத்தணும். சரி பண்ணின அப்புறம்தான் ரோட்டுக்கு. இஞ்சினியருக்கு நானே நடந்ததை எழுதறேன்."

தலைவர் பதறிப்போனார். "சார், நம்ம தலையில நாமளே மண்ணப் போட்டுக்கறதா? சத்தமில்லாம சரி பண்ணிட்டு அவரக் கூப்புடலாமே!"

"அவர் வந்து கண்டக்டருக்கு என்ன ஆச்சுன்னு கேட்டா?"

"கேட்டாத்தானே!"

"தலைவரே, எனக்கு நிஜத்தைச் சொல்றதுக்கே தமிழ் சரியா வராது. பொய் எங்கே வரும்?"

சிலர் சிரித்துவிட்டார்கள். இறுக்கம் கொஞ்சம் தளர்ந்தது. அப்போது அர்த்தனாரி முன்னால் வந்தார்.

"மூடிய எவ்வளவு இறுக்குனாலும் நாளாக நாளாக லூசாவுங்க. உள்ள சேர்றதுக்கு ஒரு வழி வுடணும். உலையோட தலையில ஒரு சின்னக் குழா எடுத்து, பஸ் கூரைக்கு மேல கொண்டு போயிரலாம். திருகு ஒண்ணு வெச்சிட்டா, நிறுத்துனதும் டிரைவர் திறந்து வுட்டுருவாரு. வாயு ஆகாசத்துக்குப் போயிரும். நேத்து ஒண்ணு செஞ்சு பாத்தேன். எல்லாருக்கும் அளவு தர்றேன். என் பட்டறையிலயே வந்து செய்யுங்க."

கிருஷ்ணகிரிக்காரர் மூடியை இறுக்க, பழைய பஸ் ஸ்பிரிங் பட்டையை வளைத்துக் கொண்டி போடலாம் என்றார். பாலக்கோட்டுக்காரர் மூடி இடுக்கில் வைக்கிற, நெருப்புக்குக் கருகாத ஆஸ்பெஸ்டாஸ் கயிறு கொஞ்சம் பதுக்கி வைத்திருந்ததை அப்போதுதான் வெளியில் விட்டார். பஸ்களை நிறுத்தச் சம்மதம் என்று தலைவர் கை தூக்கினார். மற்றவர்களும் தூக்கினார்கள்.

அந்த வாரம் எங்கள் பக்கத்தில் பஸ் ஓடவில்லை. பாப்பாரப்பட்டிச் சந்தைக்கு ஜனங்கள் மூட்டையைச் சுமந்துகொண்டு நடந்தார்கள். போகிற வழியில் பட்டறை வாசலில் நின்று எங்களைத் திட்டிவிட்டுப் போனார்கள். உள்ளே எல்லா ஊர்ப் பட்டறைக்காரர்களும் ஒரே உலைக்களத்தில் வேலை செய்தார்கள். ஒருவர் ரகசியத்தை இன்னொருவருக்குக் காட்டாதவர்கள், "அந்தச் சம்மட்டிய இப்பிடித் தள்ளுங்க" என்று கேட்டு வாங்கி அடித்தார்கள். அர்த்தனாரி வீட்டம்மா எல்லாருக்கும் ராகிக் களி கிண்டிப் போட்டார்.

இஞ்சினியர் வந்தார். நஞ்சப்பா சாரின் கடிதத்தைப் படித்திருந்தார். இளம் வயது, கடுகடுப்பான முகம். "தொப்பூர் கணவாய்ல ஏறுமா?" என்பதுதான் முதல் கேள்வி. கரி வாயுவில் எஞ்சினுக்குப் பலம் குறைவு. கணவாயில் ஜனங்கள் இறங்கித் தள்ளுவது வழக்கமாகவே ஆகியிருந்தது. "யாரும் இறங்கக் கூடாது. பெட்ரோலும் கூடாது" என்றார்.

நான்தான் ஓட்டினேன். ஆள்களும் மூட்டைகளும் நிறைய, கணவாயில் இறங்கி அடிவாரத்தில் பஸ்ஸைத் திருப்பினேன். கரியைக் கிளறி, நிரப்பி, முதல் கியரில் ஏற ஆரம்பித்தேன். பாதிவரை ஒழுங்காக வந்தது. பெரிய வளைவில் எஞ்சின் இருமியது. பஸ் நடக்கிற ஆளின் வேகத்துக்கு வந்துவிட்டது. பக்கத்தில் நஞ்சப்பா சார் முன்னால் பார்த்தபடி அசையாமல் இருந்தார். காற்று வால்வை மயிரிழை மயிரிழையாகக் குறைத்தேன். தீப்பொறி கொஞ்சம் சீக்கிரம் விழும்படி ஸ்பார்க் பிடியை முன்னுக்குத் தள்ளினேன். எஞ்சின் சத்தம் ஒருமுறை தேய்ந்து, பிறகு கெட்டிப்பட்டது. பின்னால் யாரோ "முருகா, முருகா" என்றார்கள். வளைவு பின்னுக்குப் போனது. உச்சி வந்தது.

"நிறுத்துங்க" என்றார் இஞ்சினியர். நிறுத்தினேன். அர்த்தனாரி திருகைத் திறந்தார். மூடியைச் சுற்றி நுரை பூசினோம். எல்லாரும் காத்திருந்தோம். நுரை அப்படியே உலர்ந்து போனது. நான் பஸ் கூரை மேல் ஏறி, குழாய் முனையில் தீக்குச்சி காட்டினேன். விரல் நீளத்துக்கு நீலச் சுடர் நின்று எரிந்தது.

இஞ்சினியர் அண்ணாந்து வெகுநேரம் பார்த்தார். "இந்தக் குழாய் யார் வேலை?"

அர்த்தனாரி, "எல்லாரும் செஞ்சதுங்க" என்றார்.

"மற்ற ஊர் பஸ்களுக்கும் இதைப் போடச் சொல்லலாமா?"

"சொல்லுங்க. பாப்பாரப்பட்டிக் குழான்னு மட்டும் சொல்லச் சொல்லுங்க" என்றார் அவர். இஞ்சினியருக்கே சிரிப்பு வந்துவிட்டது. அங்கீகாரம் அந்த மாதமே கிடைத்தது.

திரும்பி வரும்போது நஞ்சப்பா சார் பாப்பாரப்பட்டியில் இறங்கி மாரிமுத்துவின் வீட்டுக்குப் போனார். நானும் கூடப் போனேன்.

"இனி ஆகவே ஆகாதுன்னு சொல்ல மாட்டேன் அம்மா. பஸ் நின்னதும் திருகைத் திறக்கணும். ஷெட்டுக் கதவை மூடக் கூடாது. இந்த ரெண்டும் செஞ்சா ஆகாது. அதை டிரைவர், கண்டக்டர் எல்லாருக்கும் சொல்லியாச்சு. பஸ்ஸிலயும் எழுதியாச்சு."

கோவிந்தம்மாள் உள்ளே திரும்பி, "கேட்டுதாங்க?" என்றாள். மாரிமுத்து "ம்" என்றார். "அப்ப திங்கக்கெழமையில இருந்து சோறு கட்டிக் குடுக்கிறேங்க" என்றாள் எங்களிடம்.

யுத்தம் முடிந்தது. பெட்ரோல் மெல்ல மெல்லத் தாராளமானது. முதலாளிகள் பிளாண்டுகளைக் கழற்றி இரும்புக்கடைக்குப் போட்டார்கள். அதில் எனக்கு வருத்தமில்லை. விடியுமுன் எழுந்து கரி உடைத்தவனுக்குத்தான் அந்த விடுதலை தெரியும். இனி சங்கம் எதற்கு, கலைத்துவிடலாம் என்று கடைசிக் கூட்டம் போட்டார்கள்.

அதற்குள் வேறொரு வேலை எங்கள் பட்டறைகளைத் தேடி வர ஆரம்பித்திருந்தது. கிணற்றில் தண்ணீர் இறைக்க ஆயில் எஞ்சினும் பம்பும் வாங்கியிருந்த குடியானவர்கள் உதிரிச் சாமான் கிடைக்காமல் தவித்தார்கள். வெளிநாட்டுச் சாமான் கப்பலில் வர வேண்டும். அர்த்தனாரிதான் எழுந்தார். "ஒரு பம்ப முழுசா செய்ய என் ஒருத்தன் பட்டறையால ஆவாதுங்க. வார்ப்பு கிருஷ்ணகிரியில நல்லா வரும். கடைசல் பாலக்கோட்டுல. பொருத்துறது நான். சோதிக்க ஆள் இருக்குது. கலைக்கறதுக்கு என்னா அவசரம்?" என்றார். நஞ்சப்பா சார் சுற்றிலும் பார்த்தார். யாரும் மறுக்கவில்லை. "ஆய்த்து" என்று எழுந்துகொண்டார்.

முதல் மூன்று பம்புகளும் தோற்றன. நாலாவதை நல்லம்பள்ளியில் ஒரு கிணற்றில் மாட்டினோம். எல்லாப் பட்டறைக்காரர்களும் வந்திருந்தார்கள். அது நாள்வரை ஏற்றம் இறைத்த கிணறு. நான் எஞ்சினைக் கிளப்பினேன். குழாய் வாயில் முதலில் காற்று கொப்பளித்தது, பிறகு சேறு. எல்லாரும் எஞ்சினையும் குழாயையுமே பார்த்துக்கொண்டு, ஒருவர் தோளை ஒருவர் இடித்தபடி நின்றோம். அர்த்தனாரி பம்பு மேல் கை வைத்து அதன் அதிர்வைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்தக் கிணற்றுக்குச் சொந்தக்காரப் பெண்மணி மண்வெட்டியோடு எங்களுக்குப் பின்னால் வந்து நின்றாள்.

"வாய்க்கால்லயே நின்னுட்டிருக்கீங்களே எல்லாரும்! தள்ளி நில்லுங்க. தண்ணி வருது."